சுங்கை சிப்புட்டில் லண்டன் டிக்கெட் போட்ட கடை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை அனுப்ப, டவுனில் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள டிக்கெட் கடைக்குப் போனேன். மாடியில் ஒரே அறை, ஒரு மேசை. கடைக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. "அக்கா, ரொம்ப நேரம் உட்கார்ந்தா பாட்டிக்குக் கால் வீங்குமா?" வீங்கும் என்றேன். அதற்கப்புறம்தான் கணினியைத் திறந்தார்.

கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர், நேர் விமானத்தில் சுமார் 14 மணி நேரம். தோஹா வழியாகப் போனால் தூரம் சுமார் 550 கிலோமீட்டர்தான் கூடும். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான் என்று விளக்கினார். ஒரு மணி நேர இடைவெளி உள்ள மலிவு டிக்கெட்டை அவரே வேண்டாம் என்றார். அம்மா மாதிரி சக்கர நாற்காலி உதவியோடு போகிறவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்களாம், அடுத்த விமானத்தைப் பிடிக்க நேரம் போதாதாம். மூன்று மணி நேரம் உள்ளதைப் போட்டோம். அம்மா நடுவில் காலை நீட்டி, கொஞ்சம் நடக்கலாம். ஒரே டிக்கெட் என்பதால் பெட்டியும் நேராக லண்டனுக்கே போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் எழுதித் தந்த தாள். டிக்கெட்டில் இரவு 9 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் காலை 6.30க்கு லண்டன். பார்த்தால் ஒன்பதரை மணி நேரம் போலத் தெரியும். ஜனவரியில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால் இருப்பதால், உண்மையில் பதினேழரை. அதோடு விடவில்லை. எங்கள் எஸ்டேட்டிலிருந்து கேஎல்ஐஏவுக்கு (கோலாலம்பூர் விமான நிலையம்) காரில் மூன்றரை மணி, அங்கே மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும், ஹீத்ரோவில் குடிநுழைவு, பெட்டி, தங்கை வீடு வரை இன்னொரு மூன்று மணி. வாசலுக்கு வாசல் 27 மணி நேரம்! அம்மாவின் பிரஷர் மாத்திரை நேரங்களை மலேசிய நேரம், லண்டன் நேரம் என்று இரண்டு வரிசையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். அம்மா அந்தத் தாளைக் கைப்பையிலேயே வைத்திருந்தார்.

திரும்பி வரும் பயணம் கொஞ்சம் சீக்கிரம் முடியும் என்றும் சொன்னார். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலமான காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

குறையும் உண்டு. போகும் பயணத்துக்கு மட்டும் சைவச் சாப்பாடு பதிந்திருந்தார், திரும்பும் பயணத்துக்கு விட்டுப்போனது. நான் போன் செய்து கேட்ட பிறகே சேர்த்தார். கடையில் கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் அல்லது வங்கி மாற்று மட்டும். மாடிப்படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், பாஸ்போர்ட் நகல் போதும்.

சேவைக் கட்டணம் தனியாக உண்டு, மறைக்காமல் ரசீதில் போட்டுத் தருகிறார். அந்தத் தாளுக்கே அது தகும். அடுத்த டிக்கெட்டும் அங்கேதான் போடுவேன், சாப்பாட்டுப் பதிவை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவேன்.