நாலு யூ.எஸ்.பி. மைக்கா, நாலு வாய் உள்ள ஒரே பெட்டியா?

காத்தவராயன் கூத்துப் பாட்டு, வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், யூடியூப்புக்கு உரையாடல் என்று யாழ்ப்பாணத்தில் வீட்டு லேப்டொப்பிலேயே ஒலிப்பதிவு செய்யிற ஆக்கள் இப்ப கனபேர். எல்லாருக்கும் வாற கேள்வி ஒன்றுதான்: ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ட்ராக் (தனி ஒலித்தடம்), எல்லாம் ஒரே நேரத்தில் எப்படி எடுக்கிறது? வீட்டில் யூ.எஸ்.பி. மைக் ஒன்றிரண்டு ஏற்கெனவே கிடக்கும். இன்னும் இரண்டு வாங்கி ஹப்பில் செருகினால் போதுமே என்று மனம் சொல்லும். நான் இரண்டு முறையிலும் பதிந்திருக்கிறேன். இப்போது பாவிப்பது பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 404 எச்.டி. என்ற ஓடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி: நாலு மைக் வாய், கொம்பியூட்டருக்கு ஒரே யூ.எஸ்.பி. வயர். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மைக் கையில் இருந்தால் முதல் வழி மலிவு. பெட்டி வாங்கினால் எக்ஸ்.எல்.ஆர். மைக் (மூன்று முள் வயரில் ஓடும் மேடை மைக்), வயர், ஸ்டாண்ட் என்று செலவு தொடரும்.

சொஃப்ட்வெயர் பக்கம் கொஞ்சம் சிக்கல். ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு சொஃப்ட்வெயர் ஒரு நேரத்தில் ஒரு கருவியில் இருந்துதான் பதியும். வின்டோஸில் ஒலிப்பதிவுக்குப் பாவிக்கிற ஏஸியோ ட்ரைவரும் அப்படித்தான், ஒரு நேரத்துக்கு ஒன்று. ஏஸியோ ஃபோர் ஆல் என்ற இலவச ட்ரைவர் பல மைக்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும். ஓ.பி.எஸ். என்ற வீடியோப் பதிவு சொஃப்ட்வெயர் ஆறு ட்ராக் வரை தனித்தனியாக எழுதும். ஒரே மாடல் மைக் இரண்டு செருகினால் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும்; எது யாருடையது என்று தட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிடலாம்.

பழகியும் தீராத ஒன்று இருக்கிறது: கடிகாரம்.

ஒவ்வொரு யூ.எஸ்.பி. மைக்குக்குள்ளும் ஒரு சின்னப் படிகம் துடிக்கிறது. செக்கனுக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்து எடுக்கும் துளி) எடு என்று கொம்பியூட்டர் சொன்னாலும், அந்தச் செக்கன் எவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பது அந்தப் படிகம்தான். எந்த இரண்டு படிகமும் அச்சொட்டாக ஒன்றல்ல. பத்து லட்சத்துக்கு 50 என்ற வித்தியாசம் மலிவான படிகங்களில் சாதாரணம். கணக்குப் போட்டால் செக்கனுக்கு 2.4 சாம்பிள், ஒரு மணித்தியாலத்தில் 8,640. அதாவது 0.18 செக்கன். இணுவிலிலோ அளவெட்டியிலோ ஒரு தவில் கச்சேரியை இப்படிப் பதிந்தால், முடிவில் தவில்காரரை நாதஸ்வரக்காரரிடம் இருந்து 60 மீற்றர் தள்ளி இருத்தியது போலக் கேட்கும்.

கூர்ந்து கேட்டால் அதற்கு முதலே பிழைக்கத் தொடங்கிவிடும். உடுக்குச் சத்தம் உடுக்கு மைக்கில் மட்டுமா விழுகிறது? பாடுகிறவரின் மைக்கிலும் விழுகிறது. இரண்டையும் கலக்கும்போது இடைவெளி ஒரு மில்லிசெக்கன் மாறினாலே 500 ஹேர்ட்ஸ் பக்கத்துச் சத்தம் ஒன்றையொன்று தின்னும். மேலே சொன்ன வேகத்தில் ஒரு மில்லிசெக்கன் நழுவ 20 செக்கன் போதும். பாட்டின் தொடக்கத்தில் இறுக்கமாக இருந்த உடுக்கு, பாட்டுப் போகப் போகக் குழாய்க்குள் அடித்தது போல ஆகும். கேட்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. ஆனால் காது களைத்துவிடும்.

உங்களிடம் உள்ள மைக்கில் சோதித்துப் பார்க்கலாம். பதிவு தொடங்கும்போது ஒருக்கால் கைதட்டுங்கள், அரை மணித்தியாலம் ஓடவிட்டு முடிவில் இன்னொருக்கால் தட்டுங்கள். முதல் தட்டலில் எல்லா ட்ராக்கையும் நேராக இழுத்து வைத்துவிட்டு, கடைசித் தட்டலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரான அந்த முனைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அந்த விலகலை அளந்து ட்ராக்கைச் சுருக்கலாம், நீட்டலாம். ஆனால் மைக் சூடேறச் சூடேறப் படிகத்தின் துடிப்பும் மாறுவதால் நடுப்பகுதி எப்போதும் ஒத்துப்போகாது.

நாலு வாய்ப் பெட்டியில் இந்தக் கதையே இல்லை. நாலு சனலுக்கும் ஒரே கடிகாரம். அது கொஞ்சம் வேகமாக ஓடினாலும் நாலும் சேர்ந்தே ஓடும். என்னைத் தீர்மானிக்க வைத்தது இது ஒன்றுதான். ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் இழுத்துப் பொருத்துகிற வேலை அடியோடு போய்விட்டது.

மக்கில் பல மைக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஓடியோ மிடி செட்டப்பில் நழுவலைத் திருத்தும் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி சொஃப்ட்வெயர் அதே வேலையைச் செய்கிறது. நண்பரின் மக்கில் பேச்சுப் பதிவு ஒன்று இப்படி எடுத்தோம், சுத்தமாக வந்தது. தாளவாத்தியத்துக்கு நான் அதை வைத்துப் பார்க்கவில்லை என்பதால் அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வயர் நீளமும் பெட்டிக்குச் சாதகம். யூ.எஸ்.பி. 2.0 வயர் 5 மீற்றரோடு சரி. எக்ஸ்.எல்.ஆர். வயரை மேடையில் இருந்து மண்டபத்துக் கடைசி வரை இழுக்கலாம், அறுந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம். யூ.எஸ்.பி. மைக்கின் வாய் ஆடத் தொடங்கினால் உள்ளே பலகையைத்தான் கழற்ற வேண்டும்.

ஒரு விசயத்தில் யூ.எஸ்.பி. மைக் வெல்லும்: கரண்ட் போனால். லேப்டொப் பற்றரியில் அதுவும் ஓடும். என் பெட்டிக்குத் தனி அடப்டர், கரண்ட் நின்றால் பதிவும் நிற்கும். ரவுட்டருக்குப் பாவிக்கிற சின்ன டி.சி. யு.பி.எஸ். ஒன்று இதற்குக் கைகொடுக்கும். வோல்ட், அம்பியர், பிளஸ்-மைனஸ் முனை மூன்றையும் அடப்டரில் உள்ளதோடு ஒத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.

யூ.எஸ்.பி. உள்ள மிக்சர் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். யமஹா எம்.ஜி. 10 எக்ஸ்.யூ. போன்றவை எத்தனை மைக் செருகினாலும் கொம்பியூட்டருக்கு அனுப்புவது கலந்த இரண்டு சனல் மட்டும்தான். தனித்தனி ட்ராக் வேண்டுமென்றால் சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்.டி.கே., பெஹ்ரிங்கர் எக்ஸ்.ஆர். 18 போன்றவைக்குப் போக வேண்டும்.

ஒரு மேசையில் இரண்டு பேர் இருந்து கதைக்கிற பதிவுக்கு, அதுவும் அரை மணித்தியாலத்துக்குள் என்றால், உள்ள யூ.எஸ்.பி. மைக்கே போதும், காசைச் சிலவழிக்காதீர்கள். வாத்தியம் வந்தால், அல்லது மூன்றாவது ஆள் வந்தால், பெட்டி. எட்டு மைக் வரை போகிற எண்ணம் இருந்தால் 404ஐ விட்டுவிட்டு எடாட் வாய் (எட்டு சனலை ஒரே ஒளி வயரில் கொண்டுவருவது) உள்ள யூ.எம்.சி. 1820 போன்ற ஒன்றைப் பாருங்கள். பின்னர் இன்னும் எட்டு சனலை அதே கடிகாரத்திலேயே சேர்க்கலாம். பாவித்த பெட்டி வாங்குவதானால் ஒரு கொண்டென்சர் மைக்கையும் ஹெட்ஃபோனையும் கையோடு கொண்டுபோய், அந்த மைக்குக்குக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் சுவிட்சைப் போட்டு, நாலு வாயிலும் மாறி மாறிச் செருகி, ஒவ்வொரு கெயின் (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்) குமிழையும் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். எந்தக் குமிழாவது கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஒரு வாயில் சத்தமே வராவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள்.