கேட்டதும் கேள்விப்பட்டதும்: ஆறாண்டு ஒலிநூல் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 2019ஆம் ஆண்டிலிருந்து இந்த நேரத்தை ஒலிநூல்களுக்குக் கொடுத்துவருகிறேன். தொடக்கத்தில் நாவல்களும் கேட்டேன். சில மாதங்களிலேயே அவை ஒதுங்கிவிட, வரலாற்று நூல்களும், உண்மையில் நடந்த கொலை வழக்குகளை விரித்துரைக்கும் நூல்களும் மட்டும் தங்கிவிட்டன. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இப்படிக் கேட்டு முடித்தவை நூற்றைத் தாண்டியிருக்கும். பாதியில் நிறுத்தியவற்றுக்குக் கணக்கு இல்லை.

இத்தனை காலம் கேட்டபின், ஒரு ஒலிநூலை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். சொல்லப்படும் செய்தி ஆவணத்தில் இருப்பதா, ஒருவர் அளித்த வாக்குமூலமா, ஊரில் உலவும் பேச்சா, ஆசிரியரின் ஊகமா என்பதைக் காது பிரித்தறிய அந்த வாசிப்பு இடம் தருகிறதா என்று பார்க்கிறேன். அச்சு நூலில் இதற்கு மேற்கோள் குறி உண்டு, அடிக்குறிப்பு உண்டு, ஐயம் எழுந்தால் இரண்டு பக்கம் பின்னோக்கிப் புரட்டவும் முடியும். இவற்றில் எதற்கும் ஓசை கிடையாது. அச்சில் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கோடுகள் அனைத்தையும் ஒலிநூலில் வாசிப்பவரின் குரல் ஒன்றே போட்டுக்காட்ட வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. 'கொன்றான்' என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். 'கொன்றானாம்' என்றால் தாம் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். 'கொன்றதாகக் கூறப்படுகிறது' என்று நீட்ட வேண்டியதை அந்த 'ஆம்' ஓரசையில் முடித்துவிடுகிறது, பேருந்து இரைச்சலிலும் காது அதைத் தவறவிடுவதில்லை. ஆனால் பேச்சுவழக்குச் சாயல் வந்துவிடுமோ என்ற அச்சத்தினாலோ என்னவோ, நான் கேட்ட தமிழ் ஒலிநூல்கள் பெரும்பாலும் இதைக் கைவிட்டு, எல்லாவற்றையும் நேரில் கண்டதுபோலவே சொல்லிச் செல்கின்றன.

எங்கள் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு போய் விழுகிறதோ அவ்வளவு தொலைவுக்குள் இருந்த ஊர்களும் அவர்கள் வசமாயின. இது வரலாறு. பெண்ணையாற்றை ஒட்டியுள்ள குண்டு உப்பலவாடிக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் குண்டினால்தானாம். இது ஊர்ப் பேச்சு. இரண்டுமே எனக்குப் பிடித்தமானவை. ஆயினும் நான் கேட்ட ஒலிநூல் ஒன்றில் இவ்விரண்டும் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு வாசிக்கப்பட்டபோது, அந்த நூல் சொன்ன மற்றச் செய்திகளின் மீதும் எனக்கு ஐயம் படர்ந்தது.

இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகும் இடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்த பிள்ளை, 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எழுதத் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம், தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்வாரியாகக் குறித்துவைத்தார். கடைத்தெருப் பேச்சும் கவர்னர் மாளிகைப் பேச்சும் அதில் பேச்சாகவே பதிவாகியிருப்பதால், அதைப் போல உரக்க வாசிக்கத் தகுந்த பழைய உரைநடை தமிழில் குறைவு என்பது என் துணிபு. 1748ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பகுதியை அரியாங்குப்பம் பாலத்தில் பேருந்து நின்றிருந்தபோது கேட்டேன். அன்று வேலையில் மனம் நிலைகொள்ளவில்லை. ஆனால் அதே பிள்ளை துய்ப்ளேக்ஸின் மனைவி மீது ஆழ்ந்த கசப்புக் கொண்டிருந்தவர். அந்த அம்மையாரைப் பற்றி அவர் எழுதியவற்றை அவருடைய கருத்து என்று அடையாளம் காட்டாமல், நூலாசிரியரின் தீர்ப்புப் போல வாசித்துவிட்டால், இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய மனத்தாங்கல் ஒன்று இன்றைய கேட்பவருக்கு உண்மையாகவே போய்ச் சேர்ந்துவிடும். நாட்குறிப்பின் பகுதிகளை எடுத்தாண்ட ஓர் ஒலிநூலில், பிள்ளையின் சொற்கள் வரும் இடத்திலெல்லாம் வாசிப்பாளர் குரலைச் சற்றே தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து வாசித்திருந்தார். நடிப்பு ஏதும் சேர்க்கவில்லை. அந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்தது.

ஆண்டுக் கணக்கிலும் ஒலிநூலுக்கென்று தனிக் கவனம் வேண்டும். பிள்ளை தமிழ் வருஷப் பெயர்களையும் எழுதுகிறார். விபவ வருஷம் புரட்டாசி என்று மட்டும் காதில் விழுந்தால், அது 1748 என்று எத்தனை பேருக்கு உடனே தெரியும்? ஆண்டை ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த பத்துப் பக்கமும் 'அதே ஆண்டில்', 'இரண்டு மாதம் கழித்து' என்று ஓடும் நடை கண்ணுக்கு எளிது. தவளக்குப்பத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு இயர்போனைக் கழற்றி விடை சொல்லிவிட்டு மீண்டும் கேட்பவருக்கு அது காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுகிறது. பெயர்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால், நம் எழுத்தில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் வேறு எழுத்து இல்லாததால், வாசிப்பாளர் ஓர் அத்தியாயத்தில் ஒன்றும் மறு அத்தியாயத்தில் வேறொன்றுமாக உச்சரித்து, ஒரே தளபதியை இருவராக்கிவிடுகிறார். அண்மைக் காலத்தில் பெருகியுள்ள கணினிக் குரல் வாசிப்பில் இந்தக் குறை இன்னும் மிகுதி. அத்தகைய நூல்களை நான் இப்போது அறவே தவிர்க்கிறேன்.

குற்ற வழக்கு நூல்களுக்கு வருகிறேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கைத் தமிழில் நான்கு வெவ்வேறு வாசிப்புகளில் கேட்டிருக்கிறேன். 1944ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி 1945 மே மாதம் ஆயுள் தண்டனை பெற்றனர்; அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இந்த எலும்புக்கூட்டில் நால்வரும் வேறுபடவில்லை. வேறுபாடு முழுவதும் நேரப் பங்கீட்டில் இருந்தது. கைதுக்கும் தண்டனைக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிய ஒரு நூல், விடுதலைத் தீர்ப்பை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, உண்மையான கொலையாளி யார் என்ற ஊகத்துக்கு மீண்டும் முக்கால் மணி நேரம் கொடுத்தது. விடுதலை பெற்றவர்களைக் குறித்து ஐயத்தை ஏற்படுத்தும் சொல் எதுவும் அதில் இல்லை. ஆனால் கேட்டு முடித்தவரின் மனத்தில் எஞ்சுவது ஐயம்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார் (தலைமை எழுத்தர்) ஒருவர் இருக்கிறார். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் அதிகம் படிக்க இயலவில்லை என்பதால் இந்த நூலை அவர் கேட்கும்படி செய்துகொடுத்தேன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, "தம்பி, இவர் குற்றப்பத்திரிகையை வாசிக்கிறார், தீர்ப்பை வாசிக்கவே இல்லையே" என்றார். "கடைசியில் கொஞ்சம் வருகிறது ஐயா" என்றேன். "கொஞ்சம் வந்தால் போதாது. சாட்சியை எதற்காக நம்பவில்லை என்று நீதிபதி எழுதியிருப்பார், அதைத்தான் படித்துக்காட்ட வேண்டும்" என்றார். நாற்பது ஆண்டுகள் கட்டுக் கட்டாக வழக்குத் தாள்களைக் கையாண்டவர் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு, எந்தக் குற்ற நூலை எடுத்தாலும் குறுக்கு விசாரணைக்கும் தீர்ப்பின் காரணங்களுக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அத்தியாயப் பட்டியலில் முதலில் பார்த்துவிடுகிறேன்.

ஆளவந்தார் என்பவர் கொல்லப்பட்ட வழக்கு வேறொரு வகையில் வாசிப்பாளரைச் சோதிக்கிறது. 1952ஆம் ஆண்டு, ரயில் பெட்டியில் கிடந்த டிரங்குப் பெட்டிக்குள் தலையற்ற உடல் ஒன்று மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் நிறுவிய விதம்தான் இந்த வழக்கின் உயிர் என்பேன். நான் கேட்ட பதிப்பிலோ, டிரங்குப் பெட்டி திறக்கப்படும் ஓசையும் அலறலும் வயலின் கீச்சொலியும் காதை நிறைத்தன. மருத்துவர் என்ன பார்த்தார், எதை அளந்தார் என்பது நான்கு வாக்கியங்களில் முடிந்துபோனது. இறந்தவர் ஒரு மனிதர், அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. அவருடைய உடலுக்குப் பின்னணி இசை அமைப்பது எனக்கு ஒவ்வவில்லை. குற்றம் சாட்டப்பட்ட இருவருக்கும் ஏழாண்டு, மூன்றாண்டு என்று குறைந்த தண்டனையே விதிக்கப்பட்டதால், இறந்தவரின் நடத்தையை இழித்துப் பேசியே பொழுதைக் கழிக்கும் பதிப்புகளும் உண்டு. தண்டனை ஏன் குறைந்தது என்பதை நீதிபதியின் சொல்லாகச் சொல்லலாம். வாசிப்பாளர் தம் குரலில் ஏளனத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

பயன்பாடு குறித்துச் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வரலாற்று நூல்களை இயல்பு வேகத்திலும், குற்ற நூல்களை ஒன்றேகால் மடங்கு வேகத்திலும் கேட்கிறேன். சாலையைக் கடக்கும்போது ஒரு காதை விட்டுவைப்பது என் வழக்கம். சந்தா முறையில் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நான் முக்கால்வாசி கேட்டிருந்த ஒரு நூல், முன்னறிவிப்பின்றி ஒரு செயலியிலிருந்து நீக்கப்பட்டது; நான் போட்டுவைத்திருந்த குறிப்புகளும் அதோடு போயின. அன்று முதல் பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் ஒரு சிறிய நோட்டில் கையால் எழுதிவருகிறேன்.

வரலாறும் குற்ற வழக்கும் ஒன்றாகச் சேர்ந்து, நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்ததாக அமைந்தது பிரெஞ்சுத் தளபதி லாலியின் கதை. ஏழாண்டுப் போரைப் பற்றிய ஓர் ஆங்கில ஒலிநூலில் அது ஒரு பகுதி. 1758ஆம் ஆண்டு எங்கள் தேவனாம்பட்டினக் கோட்டையைப் பிடித்தவர். 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்தவர். அந்தப் பழியோடு பிரான்சுக்குத் திரும்பி, துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1766 மே மாதம் பாரிசில் தலை வெட்டப்பட்டவர். எழுத்தாளர் வோல்த்தேரும் லாலியின் மகனும் போராடியதன் பின் 1778இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றாயிற்று. வாசித்தவர் குற்றச்சாட்டுகளை எந்த நிதானத்தோடு வாசித்தாரோ, அதே நிதானத்தோடு மறுப்பையும் வாசித்தார். லாலியின் கடுகடுப்பையும் அவர் செய்த தவறுகளையும் மறைக்கவில்லை; ஒருவர் தோற்றதற்கும் துரோகம் செய்ததற்கும் உள்ள இடைவெளியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. தண்டனை நிறைவேறிய பகுதிக்கு இசை இல்லை, ஓசை இல்லை. நாளும் இடமும் சொல்லப்பட்டு, இரண்டு நொடி மௌனம் விடப்பட்டது.

அதைக் கேட்டு முடித்த மாலை, வண்டிப் போக்குவரத்து தடுக்கப்பட்ட பிறகு கடற்கரைச் சாலையில் சற்று நேரம் நடந்துவிட்டு, அவர் பெயரைத் தாங்கிய லாலி தொலாந்தால் வீதி வழியாகப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பினேன். நூலின் அந்தப் பகுதியை மறுநாள் சிரஸ்தார் ஐயாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். 1778ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்த இடத்தில் அவர் கையமர்த்தி, எந்தக் காரணத்துக்காக முந்தைய தீர்ப்பை நீக்கினார்கள் என்று கேட்டார். நோட்டில் அது இல்லை. அந்த அத்தியாயத்தை மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.