நாலு இஞ்சு பைப்பில் ஹைட்ரஜன்: ஆறு வருட அனுபவம்

2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது திருத்துறைப்பூண்டி பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. வயலுக்கு ஆயில் இன்ஜினைத்தான் நம்பியிருந்தோம். தண்ணீருக்குள் மின்சாரம் விட்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு எடுத்து இன்ஜினுக்குள் விட்டால் பாதி டீசல் மிச்சம் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. எனக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். எவர்சில்வர் தகடு, போல்ட், பைப் எல்லாம் பட்டறையிலேயே கிடந்தன. அடுத்த கோடையில் இறங்கிவிட்டேன்.

நாலு இஞ்சு விவசாய பைப்பில் ஒன்றரை அடித் துண்டு, அடியிலும் மேலும் மூடி, உள்ளே மின்சாரம் பாயும் 316எல் ரக எவர்சில்வர் தகடுகள். இந்த அமைப்பைத்தான் கூடு என்கிறேன். பேட்டரி தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக் பொட்டாஷ் என்ற கடுமையான காரத்தைக் கலந்து ஊற்றினேன். சமையல் உப்பைப் போடவே கூடாது, குளோரின் வரும்.

முதல் கூடு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டு மூடியையும் பசை போட்டு ஒட்டி, வாயு அதிகம் வர வேண்டும் என்று 20 ஆம்பியர் வரை ஏற்றினேன். அக்னி நட்சத்திர வெயிலும் சேர்ந்துகொண்டது. பைப் சூடேறி இளகி, அடிமூடி பிதுங்கி, போல்ட் ஓட்டை வழியாகக் காரத் தண்ணீர் கையில் வழிந்தது. சோப்பு போல வழுவழுவென்று இருக்கும், எரிச்சல் பிறகுதான் தெரியும். கால் மணி நேரம் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். இப்போது கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் தொடுவதில்லை.

நாலு கிலோ, ஆறு கிலோ என்று பைப்பைச் சொல்கிறோமே, அது 27 டிகிரியில் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கான கணக்கு. சூடு ஏற ஏறத் தாங்கும் சக்தி குறையும். அதைவிட முக்கியம், அது வாயுவுக்கான கணக்கே இல்லை. தண்ணீர் அழுத்தத்தில் பைப் விரிசல் விட்டால் பீச்சி அடித்து நின்றுவிடும், வாயு அழுத்தத்தில் உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும். அதனால் என் கூட்டில் வாயு தேங்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். நடுவில் வால்வு கிடையாது, சேமிக்கும் பாட்டிலும் கிடையாது. வருவது அப்போதைக்கு அப்போதே எரிய வேண்டும்.

இப்போது ஓடுவது மூன்றாவது கூடு, 2021இல் செய்தது. மேல்மூடி மரை போட்டது, ரப்பர் வளையத்தோடு கையால் திருகிக் கழற்றலாம். மின்சாரம் கொடுக்கும் போல்ட்டுகளை அடியிலிருந்து மேல்மூடிக்கு மாற்றியதுதான் நான் செய்ததிலேயே நல்ல வேலை. அதன்பின் ஒழுகல் இல்லை. தண்ணீர் மட்டம் பார்க்கப் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற ட்யூப். 10 ஆம்பியருக்கு மேல் விடுவதில்லை. பைப்பில் உள்ளங்கையை வைத்தால் பொறுக்க வேண்டும், பொறுக்காவிட்டால் நிறுத்திவிடுவேன்.

டீசல் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து அளந்தேன், வாயு நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு முப்பது லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதிலுள்ள எரிசக்தி ஆறேழு மில்லி டீசலுக்குச் சமம், அவ்வளவுதான். என் 5 எச்பி இன்ஜினோ மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் குடிக்கிறது. ஒரே வயலுக்கு, அளந்து ஊற்றிய டீசலில் வாயுவோடும் வாயு இல்லாமலும் இறைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. கூட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரியை ஏற்றவும் இன்ஜின்தானே ஓட வேண்டும்? குறுவைக்கு டீசல் மிச்சம் பிடிக்க யாராவது இதைச் செய்ய நினைத்தால் அந்தக் காசுக்கு டீசலே வாங்குங்கள்.

ஆனால் பட்டறையில் இதற்கு அருமையான வேலை கிடைத்தது. காயில் கம்பி முனைகளை முறுக்கி உருக்கி ஒட்டுவதற்கு இதன் சின்னச் சுவாலை போதும். பழைய கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஓடுகிறது, மணிக்கு 20 மில்லி தண்ணீருக்குள்தான் செலவு. பகல் வெளிச்சத்தில் சுவாலை சரியாகத் தெரியாது, அதைத்தான் உதவிக்கு இருக்கும் தம்பியிடம் தினமும் சொல்கிறேன்.

கூட்டுக்கும் சுவாலைக்கும் நடுவில் குமிழித் தண்ணீர்க் குழாய், அதாவது வாயு தண்ணீருக்குள் குமிழியாகப் புகுந்து வெளியேறும் குழாய், கட்டாயம். அதன் மூடியை ஒட்டாமல் அழுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். 2022இல் ஒருமுறை தீ பின்னோக்கி ஓடி வந்தது. தீபாவளி அணுகுண்டு போல ஒரு சத்தம், மூடி பறந்து கூரையில் அடித்தது. குமிழித் தண்ணீர் தீயை அங்கேயே நிறுத்தியதால் பெரிய கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே இரண்டையும் பட்டறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றி, நடுவில் செங்கல் சுவர் வைத்துவிட்டேன்.

சில மாதத்துக்கு ஒருமுறை அடியில் பழுப்பு நிறச் சேறு தங்கும். எவர்சில்வர் அரிப்பதால் வருவது, நச்சுத்தன்மையுள்ள குரோமியம் அதில் இருக்கலாம். ஆம்பியரைக் குறைத்த பிறகு சேறும் குறைந்திருக்கிறது. எங்கள் வாய்க்கால் தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, வாத்து மேய்கிறது. அதனால் ஒரு சொட்டுகூட வெளியே கொட்டியதில்லை. மூடி போட்ட இரண்டு கேன்களில் சேர்த்து, பெயர் எழுதி, பூட்டி வைத்திருக்கிறேன்.