1948 டெக்சாஸை இதில் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் செயலாளர் அலுவலகம், 1920 முதலான கூட்டாட்சித் தேர்தல்களின் வாக்கு எண்ணிக்கையைப் பிடிஎஃப் தொகுதிகளாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தர அரசறிவியல் படிப்பவர்களும் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் ஒப்பீட்டு அரசியல் எழுதுபவர்களும் அவசியம் இறக்கி வைத்திருக்க வேண்டிய சேவை. அந்நாட்டு செனற் தேர்தல்களுக்கு இவ்வளவு நம்பத்தக்க எண்கள் இவ்வளவு சுலபமாக வேறிடத்தில் கிடைப்பது அரிது.

ஆனால் இந்தப் பிடிஎஃப் தொகுதி எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டு திறக்க வேண்டும். அது பொதுத்தேர்தலை மட்டும் எண்ணுகிறது. 1948இல் டெக்சாஸ் பக்கத்தைப் பார்த்தால், செனற் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜோன்சன் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு குடியரசுக் கட்சியின் ஜாக் போர்ட்டரைச் சுலபமாக வென்றிருப்பார். அதை நம்பிக் கட்டுரை எழுதினால் முழுவதும் பிழையாகிவிடும். அக்காலத் தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவானதுமே ஆசனமும் முடிவாகிவிடும். உண்மையான போட்டி, கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலில் ஓகஸ்ட் 28 அன்று நடந்த இரண்டாம் சுற்று. ஜோன்சன் 494,191, கோக் ஸ்டீவன்சன் 494,104. வித்தியாசம் வெறும் 87.

ஜிம் வெல்ஸ் கவுண்டியின் ஆலிஸ் நகரில் 13ஆம் இலக்கப் பெட்டிக்கு, வாக்களிப்பு முடிந்து ஆறு நாளின் பின் 202 வாக்குகள் புதிதாகச் சேர்ந்தன: 200 ஜோன்சனுக்கு, 2 ஸ்டீவன்சனுக்கு. வாக்களித்தோர் பட்டியலைப் பார்த்தவர்கள், கடைசியில் சேர்ந்த பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகரவரிசையில் இருந்ததாகச் சொன்னார்கள். கட்சியின் மாநிலக் குழு 29க்கு 28 என்று ஜோன்சனை ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு வரிகூடத் தொகுதியில் இல்லை. முதனிலை எண்களுக்கு வேறு நூல் தேட வேண்டும்.

1954 தென் கரோலினாவுக்கோ இத்தொகுதியே போதும். செனற்றர் மேபாங்க் செப்டெம்பர் 1இல் இறந்தார். ஜனநாயகக் கட்சிக் குழு முதனிலைத் தேர்தல் வைக்காமல் எட்கர் பிரவுணை நிறுத்தியது. அவரை எதிர்த்த ஸ்ட்ரோம் தேர்மண்டின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. வாக்காளர்கள் அதைக் கையால் எழுதினார்கள். தேர்மண்ட் 143,444, பிரவுண் 83,525. இருவர் வாக்கையும் கூட்டி வகுத்தால் தேர்மண்டுக்கு 63 வீதம். போட்டி பொதுத்தேர்தலிலேயே நடந்ததால் கதை முழுவதும் இந்த எண்களில் தெரிகிறது.

பழைய தொகுதிகள் அச்சுப் பக்கங்களின் படப்பிரதிகள். எண்ணைப் பிரதி எடுத்து ஒட்டினால் 3 எட்டாகும், 6 பூச்சியமாகும்; கண்ணால் பார்த்துத் தட்டச்சிடுங்கள். தேடல் பெட்டியையும் நம்ப வேண்டாம். மாநிலங்கள் ஆங்கில அகரவரிசையில் வருவதால் அலபாமா முதலில், தென் கரோலினாவும் டெக்சாஸும் பின்பகுதியில். கைபேசியைப் படுக்கையாகப் பிடித்தால் வாசிக்கலாம். கடையில் பிரின்ற் எடுக்கப் போகும்போது மாநிலப் பக்கத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். முழுத் தொகுதியையும் எடுத்தால் காசு வீண்.

இலங்கைச் செனற்சபையோடு ஒப்பிட இதே அட்டவணையைப் போடாதீர்கள். 1947 முதல் 1971 வரை இருந்த அச்சபையின் 30 பேரில் 15 பேரை இலங்கையின் பிரதிநிதிகள் சபை ஒற்றை மாற்று வாக்கால் (விருப்ப வரிசையில் இடும் வாக்கு) தெரிவுசெய்தது, மற்ற 15 பேரும் மகாதேசாதிபதியின் நியமனம். காங்கேசன்துறையிலோ பருத்தித்துறையிலோ எந்த வாக்காளரும் செனற்றருக்கென்று புள்ளடி போட்டதில்லை.