ஒரே விலையில் இரண்டு மதர்போர்டுகள்: இரண்டரை ஆண்டு பயன்பாட்டுக்குப் பிறகு

2023 மார்ச்சில் ஒரே வாரத்தில் இரண்டு கணினிகளை அசெம்பிள் செய்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று வீடியோ எடிட்டிங் செய்யும் அக்காவுக்கு. இரண்டிலும் ரைசன் 7 7700 பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஒரே எஸ்எஸ்டி, ஒரே கேபினெட். மதர்போர்டு மட்டும் வேறு வேறு. இரண்டுமே ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்), பி650 சிப்செட் (மற்ற பாகங்களை இணைக்கும் துணைச் சில்லு). விலையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே காசுக்கு இரண்டு போர்டு வாங்கி இரண்டரை ஆண்டு பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுவனப் பெயரையும் மாடல் எண்ணையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரே நிறுவனம் ஒரு மாடலை அருமையாகச் செய்துவிட்டு அடுத்ததில் கோட்டை விடுகிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு வாங்குவதில் பயனில்லை. என்னுடையதைப் பெரிய போர்டு என்கிறேன்: 305க்கு 244 மில்லிமீட்டர், ஏடிஎக்ஸ் அளவு. அக்காவுடையது சின்ன போர்டு: 244க்கு 244, மைக்ரோ ஏடிஎக்ஸ்.

வாங்கும்போது பெரிய போர்டுதான் எல்லா விதத்திலும் மேல் என்று நம்பினேன். பெட்டியில் 14+2+1 ஃபேஸ் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் தனித்தனிச் சுற்றுகள்) என்று போட்டிருந்தது, சின்னதில் 8+2+1. பெரியதில் எஸ்எஸ்டி செருக மூன்று எம்.2 ஸ்லாட், நான்கு ரேம் ஸ்லாட், கனமான ஹீட்சிங்க், வண்ண விளக்குகள். சின்னதில் இரண்டு எம்.2, இரண்டே ரேம் ஸ்லாட். அக்காவின் மேசையில் இடம் குறைவு என்று வாங்கியது, ஆனால் கடைசியில் பெரிய கேபினெட்டிலேயே போட்டோம். அவளுக்குக் குறைந்ததைக் கொடுத்துவிட்டோமோ என்று எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

முதலில் அந்த ஃபேஸ் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை பிராசஸருக்குத் தேவையான ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது விஆர்எம். 14+2+1 என்றால் முதல் எண் பிராசஸர் கோர்களுக்கு, இரண்டாவது எஸ்ஓசி பகுதிக்கு (பிராசஸருக்குள் ரேம் கட்டுப்பாடு போன்றவை இருக்கும் இடம்), மூன்றாவது இதர தேவைகளுக்கு. பல போர்டுகளில் அந்த 14 என்பது ஏழு ஃபேஸ்களை இரட்டையாகக் கோர்த்ததுதான். எண்ணிக்கையை விட ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே இருக்கும் ஹீட்சிங்க் உண்மையிலேயே வெப்பத்தை வெளியேற்றுகிறதா என்பதே முக்கியம். அதைவிட முக்கியம், உங்கள் பிராசஸர் எவ்வளவு இழுக்கிறது என்பது. 65 வாட் என்று குறிப்பிடப்படும் 7700 சாக்கெட் வழியாக எடுக்கும் உச்ச அளவு 88 வாட். 170 வாட் பிரிவில் இருக்கும் 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். 88 வாட்டுக்கு எட்டு ஃபேஸே தாராளம். முழு லோடில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது பெரிய போர்டின் விஆர்எம் 47 டிகிரி, சின்னதில் 55. இந்தப் பாகங்கள் நூறு டிகிரிக்கு மேலும் தாங்கக்கூடியவை. அந்த எட்டு டிகிரியால் வேகத்திலோ ஆயுளிலோ நான் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை.

வித்தியாசம் தெரிந்தது முதல் நாள் இரவே. பெரிய போர்டைப் பொருத்தி பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. ஒரு நிமிடம் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அணைத்தேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், மறுபடி போட்டேன். அதே கதை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். பிராசஸரையும் எடுத்து சாக்கெட் பின்கள் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏஎம்5இல் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில்தான், மொத்தம் 1718. ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு என்ற பயம். நள்ளிரவு தாண்டி, சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பயோஸ் திரை, அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் போர்டின் சொந்த மென்பொருள், தெரிகிறது.

நடந்தது இதுதான். டிடிஆர்5 ரேமை முதல் தடவை போடும்போது போர்டு அதைச் சோதித்து நேர அளவுகளைத் தானே சரிசெய்துகொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். நான் ஒவ்வொரு முறையும் நடுவில் அணைத்து, அதை முதலிலிருந்து தொடங்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் சின்ன போர்டிலும் அதே கருப்புத் திரை. ஆனால் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருந்தன. டிராம் விளக்கு எரிந்தது. ரேமோடு ஏதோ நடக்கிறது, காத்திரு என்று அர்த்தம். காத்திருந்தேன், வந்தது. இந்த நான்கு விளக்குகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பெரிய போர்டில் அவை இல்லை. இன்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். கணினி ஓடும்வரை இந்த விளக்குகளின் அருமை தெரியாது, ஓடாதபோது வேறு எதுவும் கைகொடுக்காது.

அடுத்தது பயோஸ். இரண்டரை ஆண்டில் என் கருத்தை முழுதாக மாற்றியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் (கூடுதல் கேச் கொண்ட வகை) சாக்கெட்டோடு கருகிய செய்திகள் வந்தன. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ புரொஃபைலை ஆன் செய்யும்போது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அதிகமாக ஏற்றிவிடுவது ஒரு காரணமாகத் தெரியவந்தது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அது நம் கணினிக்கு வருவது போர்டு தயாரிப்பாளர் தரும் பயோஸ் அப்டேட் வழியாகத்தான். எங்களிடம் இருந்தவை எக்ஸ்3டி இல்லை என்றாலும் அந்த வோல்டேஜைப் பார்த்தேன். என் போர்டு 1.36 வோல்ட் காட்டியது. மனசு கேட்கவில்லை. சின்ன போர்டுக்குச் சில நாட்களில் புது பயோஸ் வந்தது. எனக்குப் பல வாரங்கள் ஆயின. அதுவரை எக்ஸ்போவை அணைத்துவிட்டு 6000 வேக ரேமை 4800 வேகத்தில் ஓட்டினேன்.

பிறகு 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. பூட் ஆகும்போது காட்டும் நிறுவன லோகோ படத்தைப் படிக்கும் பகுதியில் இருந்த ஓட்டை அது. பல தயாரிப்பாளர்களின் போர்டுகளையும் பாதித்தது. இதற்கும் அதே வரிசைதான்: சின்னதுக்கு முதலில், பெரியதுக்கு மாதங்கள் கழித்து.

பூட் நேரமும் இதில் சேர்த்தி. ஒருமுறை செய்த மெமரி டிரெய்னிங்கை நினைவில் வைத்துக்கொள்ள மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் டிரெய்னிங் நடக்கும். சின்ன போர்டில் அதை ஆன் செய்த நாள் முதல் இருபது நொடிக்குள் விண்டோஸ் வந்துவிடுகிறது. என் போர்டில் ஆன் செய்தால் வாரத்துக்கு ஒரு ப்ளூ ஸ்கிரீன். அணைத்து வைத்தால் பூட் ஆக ஒரு நிமிடத்துக்கு மேல். ஒன்றரை ஆண்டு கழித்து வந்த ஒரு பயோஸில்தான் சரியானது. அவ்வளவு நாளும் காலையில் முதல் வேலையாக பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஸ்லாட் எண்ணிக்கைக்கு வருவோம். ஏஎம்5 பிராசஸரிலிருந்து நமக்குக் கிடைப்பது 24 பிசிஐஇ லேன்கள் (தகவல் போகும் பாதைகள்). கிராபிக்ஸ் கார்டுக்கு 16, மீதி எட்டில் இரண்டு எம்.2 நேரடியாக ஓடலாம். மூன்றாவது எம்.2 சிப்செட் வழியாகத்தான் வர வேண்டும். என் போர்டில் அந்த மூன்றாவதில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. மேனுவலைப் புரட்டினால், அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் இரண்டு வேலை செய்யாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பெட்டியில் இது இல்லை. எல்லா போர்டிலும் இப்படி இருக்காது, ஆனால் மேனுவலைப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

நான்கு ரேம் ஸ்லாட்டும் அப்படித்தான். ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு போட்டால் 3600. இது தெரியாமல் இன்னும் இரண்டு வாங்கி 64 ஜிபி ஆக்கினேன். 6000இல் பூட்டே ஆகவில்லை. கடைசியில் நான்கையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி இரண்டு வாங்கினேன். சின்ன போர்டின் இரண்டு ஸ்லாட்டைப் பார்த்து முகம் சுளித்தது வீண்.

பின்பக்க யுஎஸ்பி இருவருக்குமே தினசரி விஷயம். பெரியதில் ஆறு, அவற்றில் நான்கு பழைய யுஎஸ்பி 2.0. சின்னதில் எட்டு, பெரும்பாலும் வேகமானவை. அக்கா கேமரா கார்டு ரீடரையும் வெளி டிரைவையும் ஒரே நேரத்தில் மாட்டுவாள், அவளுக்கு ஒருநாளும் போதாமல் போகவில்லை. நான் முதல் மாதத்திலேயே ஹப் வாங்கினேன்.

ஃபேன் சத்தம் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை, எனக்கு இது பெரிய விஷயம். ரைசன் பிராசஸர்களின் வெப்பநிலை பிரவுசரைத் திறந்தாலே சட்டென்று ஏறி இறங்கும். போர்டு அதை அப்படியே பின்பற்றினால் ஃபேன் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சின்ன போர்டின் பயோஸில் சில நொடி தாமதித்து வேகத்தை மாற்றச் சொல்லலாம். என்னுடையதில் அந்த வசதி இல்லை. பயோஸில் ஃபேன் வேகத்தைக் காட்டும் வளைகோட்டை எவ்வளவு தட்டையாக்கினாலும் நிற்கவில்லை. ஒருநாள் என் அறைக்கு வந்த அக்கா, “என்னடா இது, என்னோடது இப்படிக் கத்தாதே” என்றாள். அதன் பிறகு விண்டோஸில் தனியாக ஒரு ஃபேன் கட்டுப்பாட்டு மென்பொருள் போட்டுச் சமாளிக்கிறேன்.

பெரிய போர்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒலி அதில் தெளிவாகவே நன்றாக இருக்கிறது. சின்னதில் முன்பக்க ஜாக்கில் ஹெட்போன் மாட்டினால் மெல்லிய இரைச்சல் கேட்கும். எடிட்டிங்கில் அது தொல்லை என்பதால் அக்காவுக்குத் தனியாக யுஎஸ்பி ஒலிக்கருவி வாங்க வேண்டி வந்தது. சின்னதின் இரண்டாவது எம்.2 கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருக்கிறது. நீண்ட ரெண்டரில் (எடிட் செய்த வீடியோவை முழுதாக உருவாக்கும் வேலை) அந்த எஸ்எஸ்டி சூடாகி வேகம் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபேன் மாட்டும் ஹெட்டரும் மூன்றுதான், பெரியதில் ஆறு. அப்புறம், என் போர்டின் நெட்வொர்க் போர்ட் சில மாதங்கள் அவ்வப்போது இணைப்பை உதறியது. டிரைவர் அமைப்பில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணைத்ததும் நின்றது. அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

2025 தொடக்கத்தில் அக்கா ரைசன் 9 9900எக்ஸ் பிராசஸருக்கு மாறினாள். பன்னிரண்டு கோர், சாக்கெட்டில் 162 வாட் வரை இழுக்கும். எட்டு ஃபேஸுக்கு உண்மையான சோதனை இதுதான். புது பிராசஸரை அடையாளம் காண புது பயோஸ் வேண்டும், அது ஏற்கனவே போட்டிருந்தோம். போடாமல் இருந்திருந்தாலும் கவலையில்லை. சின்ன போர்டில் பயோஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உண்டு. பென் டிரைவில் கோப்பைச் சொன்ன பெயரில் போட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி, பட்டனைச் சில நொடி அழுத்தினால் பிராசஸரே இல்லாமல்கூட அப்டேட் ஆகும். மாற்றிய பிறகு முழு ரெண்டரில் விஆர்எம் 76 டிகிரி. ஒரு மணி நேரம் ஓடியும் வேகம் குறையவில்லை.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், பிராசஸரை மாற்றினால் டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ரிகவரி கீ கேட்கும். நாங்கள் அதை முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருந்தோம். இல்லையென்றால் அக்காவின் இத்தனை நாள் வேலையும் பூட்டிக்கொண்டிருக்கும். பழைய போர்டைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் கேட்பார்கள், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது நண்பர் ஒருவருக்கு, பி650க்கு அடுத்து வந்த பி850 போர்டு தேர்ந்தெடுக்கிறேன். ஒரே விலையில் நான்கு இருந்தன. நான்கின் மேனுவலையும் இறக்கி, எதில் எதைப் போட்டால் எது வேலை செய்யாது என்ற பக்கத்தைப் படித்தேன். தயாரிப்பாளரின் தளத்தில் அதே நிறுவனத்தின் பழைய பி650 போர்டுகளுக்கு எந்தெந்தத் தேதியில் பயோஸ் வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்று பார்த்தேன். பின்பக்கப் படத்தில் யுஎஸ்பிகளை எண்ணினேன். நான்கு விளக்குகள், ஃப்ளாஷ்பேக் பட்டன், ஃபேன் தாமத ஆப்ஷன் மூன்றும் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு போர்டுகள் மிஞ்சின. இரண்டில் எதை எடுத்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளை நிறத்தில் இருப்பதை அவர் எடுத்துக்கொண்டார்.