அட்டாமிக் ஸ்வாப் லைப்ரரியா? கெடுவைப் பார்க்காமல் ஓட விடாதீர்கள்

நேரடியாக இருவர் கிரிப்டோ மாற்றிக்கொள்ளும் அட்டாமிக் ஸ்வாப்பைத் தானாக முடித்துத் தரும் என்று சொன்ன ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியால் (ஆயத்த நிரல் தொகுப்பு) என் லைட்காயின் போனது. சாவி எதுவும் திருடு போகவில்லை. எதிராளி விதிப்படியே ஆடி எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்வாப்பைத் தொடங்குபவர் ஒரு ரகசியத்தை உருவாக்கி, அதன் ஹாஷால் (ரகசியத்திலிருந்து கணக்கிடும் குறியீடு, அதை வைத்து ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது) தன் பிட்காயினைப் பூட்டுவார். அதே ஹாஷால் நான் லைட்காயினைப் பூட்டுவேன். ரகசியத்தைக் காட்டித்தான் அவர் என்னுடையதை எடுக்க முடியும். எல்லோரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் பதிவில், அதாவது செயினில், அந்த ரகசியம் வெளியானதும் நான் அவருடையதை எடுத்துக்கொள்வேன். யாராவது நழுவினால், கெடு முடிந்ததும் அவரவர் காயின் அவரவருக்கே. இதில் தொடங்குபவரின் கெடு கட்டாயம் நீளமாக இருக்க வேண்டும். டிகிரெட் என்ற கிரிப்டோ காயினின் குழு 2017-ல் வெளியிட்ட கருவியிலேயே அவருக்கு 48 மணி நேரம், மற்றவருக்கு 24.

இந்த லைப்ரரி ஹாஷ், தொகை, முகவரி மூன்றையும் சரிபார்க்கிறது. எதிராளியின் கெடுவைப் படித்து லாகில் எழுதுவதோடு சரி, எதனுடனும் ஒப்பிடுவதில்லை. என் பூட்டுக்குத் தானாக 24 மணி நேரம் போட்டது. அவரும் 24 தான் வைத்திருந்தார், அதுவும் எனக்கு முன்பே பூட்டியவர். ஆக, அவர் கெடு முதலில் முடிந்தது. பிட்காயினைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எனக்கோ கெடு பாக்கி, கை வைக்க முடியாது. அப்புறம்தான் ரகசியத்தைக் காட்டி லைட்காயினை எடுத்தார். லாகில் ‘ரகசியம் கிடைத்தது’ என்று ஒரு வரி, அதற்குக் கீழேயே அந்தப் பிட்காயின் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்ற பிழை.

லைப்ரரியை எழுதியவரிடம் லாகோடு புகார் வைத்தேன். எதிராளியின் நிபந்தனையைப் பார்ப்பது பயனரின் பொறுப்பாம். புகாரை மூடிவிட்டார். அறிமுகப் பக்கத்தின் முதல் வரியே ‘யாரையும் நம்ப வேண்டியதில்லை’ என்பதுதான்!

இதுபோன்ற எதையாவது பயன்படுத்துபவர்கள், உங்கள் காயினைப் பூட்டும் வரிக்கு முன்னால் சொந்தமாக ஒரு சோதனை எழுதுங்கள். எதிராளி அனுப்பும் செய்தியில் உள்ள கெடு வேண்டாம், செயினில் பூட்டிய ஸ்கிரிப்டிலிருந்தே (பூட்டின் விதிகள் எழுதிய குறியீடு) எடுங்கள். அந்த எண் 50 கோடிக்குக் கீழே இருந்தால் பிளாக் உயரம் (செயினில் எத்தனையாவது பிளாக் என்ற எண்), அதற்கு மேல் என்றால் நேரம். பிளாக் கணக்கை அப்படியே ஒப்பிடாதீர்கள்: 144 பிளாக் என்பது பிட்காயினில் ஏறக்குறைய ஒரு நாள், லைட்காயினில் 6 மணி நேரம்தான். இரண்டு கெடுவுக்கும் இடையே இடைவெளி போதவில்லை என்றால் உங்கள் நிரல் காயினைப் பூட்டாமல் அங்கேயே நிற்க வேண்டும்.

ஏற்கெனவே ஓட விட்டிருந்தால், புது ஆஃபர்கள் ஏற்பதை இப்போதே நிறுத்துங்கள்.