கும்டா – கோகர்ணா நடை: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பெங்களூருவில் இருக்கும் நம்மாட்கள் பலர் குளிர்கால வார இறுதிகளில் கர்நாடகக் கரையிலுள்ள கும்டா – கோகர்ணா கடற்கரை ட்ரெக்குக்குப் பதிவு செய்கிறார்கள். தாராளமாகப் போங்கள், இடம் அருமையானது. ஆனால் சீட்டு விற்பவர் யார், உங்களோடு நடக்கப்போகிறவர் யார் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பாதை இதுதான். கும்டாவில் தொடங்கி, வன்னள்ளி மேட்டில் ஏறி, குன்றும் மணலுமாக வடக்கே நடந்து, அகநாசினி ஆற்றைப் படகில் கடந்து ததடிக்குப் போய், அங்கிருந்து பேலெகான், பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே கடற்கரைகள் வழியாகக் கோகர்ணாவில் முடிப்பது. 20 கிலோமீட்டருக்குக் குறையாது. எங்களுக்குச் சீட்டு விற்ற ட்ரெக் குழுவினர், இரவு பஸ், பயிற்சி பெற்ற கைடு, இரண்டு வேளைச் சாப்பாடு, படகு, முதலுதவி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,500 ரூபாய் என்றார்கள். கட்டினோம்.

பஸ்ஸில் ஏறியதும் விஷயம் புரிந்தது. பணம் வாங்கியவர்களில் ஒருவரும் வரவில்லை. வெவ்வேறு குழுக்கள் விற்ற சீட்டுகளை எல்லாம் ஒரே பஸ்ஸில் சேர்த்திருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் இதே பயணத்துக்கு எங்களைவிட 900 ரூபாய் குறைவாகக் கட்டியிருந்தார். கைடு என்று வந்த தம்பி ஒரு கல்லூரி மாணவர். இந்தப் பாதையில் அதற்கு முன் ஒரே ஒரு தடவை, அதுவும் பயணியாக வந்தவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாள் கூலிக்கு நாற்பது பேரை அவர் தலையில் கட்டியவர்கள்மேல்தான் கோபம்.

பஸ் தாமதமாகி, கும்டாவில் நடக்கத் தொடங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. அந்தக் குன்றுகள் செம்பாறாங்கல் பூமி. காய்ந்த புல்லைத் தவிர நிழலுக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச தூரத்திலேயே நேரமில்லை என்று திரும்ப பஸ்ஸில் ஏற்றி அகநாசினி கிராமத்தில் இறக்கினார்கள். பாதையில் பாதி அங்கேயே போச்சு. படகுக்கு நாங்களே காசு கொடுத்தோம். சில்லறைக் காசுதான், அதைக்கூட விடவில்லையே என்பதுதான் எரிச்சல். மதியத்துக்குக் கொடுத்த எலுமிச்சை சாதம் ஊசிப்போயிருந்தது.

பேலெகானில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சும் காலாவதியான வலி ஸ்ப்ரேயும்தான் இருந்தன. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றுகூட இல்லை. அருகிலிருந்த மீனவர் வீட்டு அம்மா உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தார்.

பாரடைஸ் பீச் வரை சாலை கிடையாது. நடக்க வேண்டும், இல்லை படகு பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஹாஃப் மூன் போகக் குன்றின் மேலேயே பாதை இருக்கிறது. தம்பிக்கு அது தெரியாது. கடல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அலையடிக்கும் பாறை விளிம்பில் எங்களைக் கூட்டிப்போனார். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது, இன்னொருவர் போன் கடலோடு போனது. எதிரே வந்த உள்ளூர்க்காரர் சத்தம் போட்டு எங்களை மேலே ஏற்றிவிட்டார். டிசம்பரில் அங்கே ஆறு மணியைத் தாண்டியதும் சூரியன் விழுந்துவிடும். மிச்ச தூரம் போன் வெளிச்சத்தில்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "விதிமுறைகளைப் படியுங்கள்" என்று ஒரு வரி. அப்புறம் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். மறுவாரம் எங்கள் படத்தையே போட்டு அடுத்த பேட்சுக்கு விளம்பரம்!

பதிவு செய்யுமுன் கைடின் எண்ணை வாங்கி நேரில் பேசுங்கள். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும், அந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்று கேளுங்கள். இந்தக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே போன வாரக் கணக்கு இந்த வாரம் உதவாது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மழையில் அந்தப் பாறை வழுக்கும், கடலும் கொந்தளிப்பாக இருக்கும்.

நல்ல கைடு கிடைத்தாலும் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ், முழுக்கைச் சட்டை, தொப்பி, டார்ச் உங்கள் பையிலேயே இருக்கட்டும். சரளையில் செருப்பு நிற்காது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும்.

விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேமித்து வையுங்கள், குழுவிலிருந்து தூக்கிய பிறகு தேடுவது கஷ்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாங்கள் சிலர் சேர்ந்து 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அந்தப் பயணத்தில் வந்த வேறு யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதோடு தொடர்புகொள்ளுங்கள்.